லென்ஸில் ஒரு தூசி

மலாக்காவில், செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. மைக்ரோஸ்கோப்பில் கணினிச் சிப்புகளைப் பார்த்து, தூசி பட்டதை ஒதுக்க வேண்டும். ஒரு புள்ளி கண்ணில் பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி விடுமுறையில் மகளை ஓர் ஆய்வு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வானியல் உரை முடிந்ததும், வெளியே தொலைநோக்கியின் முகப்பில் கருப்பு ஒளிவடிகட்டி மாட்டிச் சூரியனைக் காட்டினார்கள். என் முறை வந்தது. ஆரஞ்சு நிற வட்டம். அதன் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி.

பக்கத்தில் நின்ற இளம் ஆய்வாளரிடம், “தம்பி, லென்ஸ்ல தூசி இருக்கு. தொடைக்காமலா வச்சீங்க?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “கண்ணு வைக்கிற குழாயத் திருப்பிப் பாருங்கக்கா. தூசின்னா கூடவே சுத்தும்.”

திருப்பினேன். புள்ளி நகரவில்லை.

“அது சூரியன்லயே இருக்குலா. நம்ம பூமியத் தூக்கி அதுக்குள்ள போட்டுடலாம்.”

வேலையில் எந்தப் புள்ளியையும் நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை. பசிக்கிறதென்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றேன்.