சீசன் ஊருக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?

இன்று தென்காசி பஸ்ஸில் ஒரே சண்டை. குற்றாலத்தில் இலவச ஆஸ்பத்திரி கட்டப்போகிறார்களாம்.

விடுதி வைத்திருக்கும் அண்ணாச்சி குதித்தார். "சீசனுக்கு வாரவிய நோயாளியப் பாத்தா ஓடிருவாவ. அருவித் தண்ணியே மருந்து, ஆஸ்பத்திரி எதுக்கு?"

பூக்காரி விடவில்லை. "அப்ப உம்ம வீட்டு மதினி பேறுகாலத்துக்குப் பாளையங்கோட்டைக்கு ஏன் கார் புடிச்சீரு? அருவியிலயே நிறுத்திருக்கலாம்லா?"

பஸ்ஸே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் என் மகளுக்குப் பிரசவ வலி கண்டு, ராத்திரியில் பஸ் இல்லாமல் தென்காசிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். வழியில் மேலகரம் வருவதற்குள் போய்விட்டாள்.

"பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருந்திருந்தா எம்மவ பொழைச்சிருப்பா அண்ணாச்சி" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இறங்கும்போது, "கட்டட்டும் தாயி, ஊருக்கு வெளிய கட்டட்டும்" என்றார்.

என் மகளும் ஊருக்கு வெளியேதான் செத்தாள். இன்னும் எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டவேண்டுமென்று நீங்களாவது சொல்லுங்கள்.