ஹால்தார் பாபுவின் நெற்றி

நாகலட்சுமி கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்தாள். அதே குடியிருப்பில் யார்டு வேலையிலிருந்த செந்தில்நாதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவளுக்குக் காளிகாட்டில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை கிடைத்தது.

நோயாளியின் பெயர் நிருபம் ஹால்தார். ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவராக அவர் கையை உயர்த்தினால் ஹவுராவில் தொழிற்சாலைக் கதவுகள் மூடிக்கொள்ளும். இப்போது அந்தக் கைக்கு ஒரு ஸ்பூனைப் பிடிக்கவும் வலுவில்லை.

முதல் நாள் அவர் வாயைத் திறந்ததுமே நாகலட்சுமிக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பாவாடையோடு, அண்ணன் அர்ஜுனனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு யார்டு கேட்டில் நின்ற நாளில் கேட்ட குரல் அது. உள்ளே வேலைநிறுத்தம்; அதில் சேராமல் அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். மேடையிலிருந்து இறங்கி வந்த ஹால்தார் அவள் தலையைத் தடவி, "அண்ணனுக்கா சாப்பாடு?" என்று சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம், "அர்ஜுன் நாளையிலிருந்து இந்த கேட்டுக்கு வரக்கூடாது" என்றார். மறுநாள் தண்டவாளத்தில் அண்ணனின் உடல் கிடந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அந்த வாய்க்குத்தான் அவள் இப்போது சூப் ஊட்டினாள். ஏன் வேலையை விட்டு ஓடவில்லை என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

அந்த வீட்டு மருமகள் பூர்ணிமாவுக்குக் கொரியப் படங்கள் என்றால் உயிர். மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு மத்தியானம் அவர் அறை டிவியில் ஒன்றைப் போட்டாள்.

"இது போன்ல படக்கதையா வந்தப்பவே படிச்சிட்டேன், லட்சுமி தீதி. படம் அதைவிட பயங்கரம். நீங்களும் உட்காருங்க."

ஒரு துறைமுக ஊரில் ஊர்வலம் போனவர்களைச் சுடச் சொல்கிறான் ஒரு தலைவன். வருஷங்கள் ஓடுகின்றன. அவன் பெரிய வீட்டில் நிம்மதியாகக் கிழவனாகிறான். செத்தவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து ஒன்றுசேர்கிறார்கள். கிழவனைக் கவனிக்கும் நர்ஸும் அவர்களில் ஒருத்தி. கடைசியில் அவள் துப்பாக்கி அவன் நடு நெற்றியைத் தொடுகிறது. திரை இருண்டுவிடுகிறது.

"சுட்டாளா?" என்றார் ஹால்தார்.

"காட்டல பாபா. நாமளே நினைச்சுக்க வேண்டியதுதான்."

அவர் கண்கள் டிவியை விட்டு நாகலட்சுமியின் கைகளுக்கு வந்தன. அங்கேயே நின்றன.

மறுநாள் சூப் கிண்ணத்தைக் கொண்டு போனபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல நீ குடி."

அவள் ஒரு வாய் குடித்தாள். அவர் அவள் தொண்டை அசைவதையே பார்த்தார்.

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா உனக்கு?"

"ஒரு அண்ணன். இப்ப இல்லை."

"எப்படி?"

"சாந்த்ராகாச்சி யார்டுல. விபத்துன்னாங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. அதை அவள் குறித்துக்கொண்டாள்.

காளி பூஜை முடிந்த மறுநாள், பூர்ணிமா சிரித்துக்கொண்டே வந்தாள். "நாளைக்கு பாய் ஃபோட்டா. பாபாவுக்கு அக்கா தங்கச்சி யாரும் உயிரோட இல்ல. நீங்க அவர் நெத்தியில சந்தனம் வைக்கணும்னு ஆசைப்படறார்."

அன்று சகோதரி இடது சுண்டுவிரலால் சகோதரன் நெற்றியில் சந்தனம் வைப்பாள். யமனின் வாசலில் முள் போட்டேன், என் அண்ணனிடம் அவன் வரமுடியாது என்று சொல்லி வைப்பாள். அப்படி வைத்தவள் அவனுக்குக் கெடுதல் நினைக்கமாட்டாள் என்பது இந்த ஊர் நம்பிக்கை. கிழவரின் கைதான் செத்திருந்தது. மூளை சாகவில்லை.

மறுநாள் காலையில் அவள் தன் வீட்டுச் சுவரிலிருந்து அண்ணன் படத்தைக் கழற்றுவதைச் செந்தில்நாதன் பார்த்தார்.

"அது எதுக்கு?"

"சும்மாதான்."

"அந்தாளுக்கு ஊட்டுற கையால எனக்கு ஒரு காபி போட்டுக் குடேன்னு நான் கேலி பண்ணுவேன். இன்னிக்கு வாய் வரல, லட்சுமி. நீ கையை என்ன செய்யப் போறியோன்னு இருக்கு. வேலை வேண்டாம், வீட்லயே இரு."

"இவ்வளவு நாள் போயிட்டேன். இன்னிக்குப் போகலைன்னா எப்படிங்க?"

அவர் வாசல்வரை வந்தார்.

ஹால்தாரைப் புது வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தட்டில் விளக்கு, சந்தனம், சந்தேஷ் இனிப்பு. பூர்ணிமா சங்கோடு நின்றாள். நாகலட்சுமி பையிலிருந்த படத்தை எடுத்து அவருக்கு நேர் எதிரே ஸ்டூலில் வைத்தாள்.

"சொந்த அண்ணனுக்கு முதல்ல வச்சுடறேன், பௌதி" என்று பூர்ணிமாவிடம் சொன்னாள்.

படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். யமனின் வாசலைத் தாண்டி எப்போதோ போய்விட்டவனுக்காக, அந்த வாசலில் முள் போட்டதாகச் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது ஹால்தாரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"அர்ஜுன்" என்றார் அவர்.

பூர்ணிமா சங்கைக் கீழே இறக்கினாள். "இவரை உங்களுக்குத் தெரியுமா, பாபா?"

"நான் இந்த வீட்ல பேரே சொன்னதில்லையே, பாபு" என்றாள் நாகலட்சுமி.

"வை, லட்சுமி. எனக்கும் வை."

அவள் விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். அருகே போனாள். கொரியாக்காரி துப்பாக்கி வைத்த அதே இடம். நரம்பு ஒன்று அங்கே துடித்தது. கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் தலையணை இருந்தது, மாத்திரைகள் இருந்தன. அந்த உயிர் ஒரு குழந்தையின் உயிர்போல அவள் கைக்குள் இருந்தது.

விரல் நெற்றியைத் தொடவில்லை. அவள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்களை நான் ஒண்ணும் செய்யமாட்டேன், பாபு. ஆனா யமன் வந்தா தடுக்கவும் மாட்டேன்."

அண்ணனைப் பையில் வைத்துக்கொண்டாள். "பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம், பௌதி. சூப்பை ஆறவிட்டுக் கொடுங்க. நாளையிலிருந்து நான் வரல."

படியில் இறங்கும்போது மேலே பூர்ணிமாவின் குரல் கேட்டது. "அர்ஜுன் யார், பாபா? சொல்லுங்க, அவர் யார்?"

பக்கத்து வீட்டில் யாரோ ஒரு சகோதரி நீளமாகச் சங்கு ஊதினாள்.