தையல் போடாத கல்லீரல்

மலேசியாவின் கிள்ளான் நகரத்துக் கனகலிங்கத்தின் அறுபத்தாறு ஆண்டு வாழ்க்கையை ஒரே சொல்லில் எழுதிவிடலாம்: குடிக்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு எழுத்தராக இருந்தவர். கல்யாண விருந்தில் மேசைக்குப் பீர் வந்தால் சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுவார். அவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் நிம்மதியாக ஊற்றிக்கொள்வார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் உறுப்பினராக இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விருந்தில் இதுவரை மது இல்லை. காரணம் இவர் ஒருவர்தான். இந்த ஆண்டு துணைத் தலைவர் ரிஷி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் விருந்து, கூடவே பார். பொதுக்கூட்டத்தில் அதைத் தோற்கடிக்கக் கனகலிங்கம் ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது காப்பார் சாலையில் ஒரு குழி. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் வலது விலாவுக்குக் கீழே குத்தியது. மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். ஒரு மணி நேரத்தில் வெளிறிப்போய் விழுந்தார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல்லீரலில் விரல் நீளத்துக்குக் கிழிசல், வயிற்றுக்குள் ரத்தம்.

“எப்ப வெட்டுறியள், தம்பி?”

டாக்டர் சிவேந்திரன் சங்கத்து உறுப்பினர்தான். “வெட்டமாட்டோம், அங்கிள். ரத்தம் நின்னுட்ட மாதிரி தெரியுது, பிரஷரும் ஸ்டெடி. இப்ப திறந்தா, அடைச்சிருக்கிறது மறுபடி கிளம்பிடும். ஆடாம அசையாம படுங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம். ரத்த அளவு குறைஞ்சாத்தான் ஆபரேஷன் தியேட்டர்.”

“அப்ப வைத்தியம் எண்டு என்ன செய்யிறியள்?”

“பாத்துக்கிட்டே இருக்கிறதுதான் வைத்தியம்.”

ஃபைலைத் தொடாமல் வைத்திருந்தால் பிரச்சினை தானாக ஆறிவிடும் என்பது அரசாங்க உத்தியோகத்தில் அவர் கண்ட உண்மை. அது தம் வயிற்றுக்குள்ளும் செல்லுபடியாகும் என்று நினைத்ததில்லை. செல்லுபடியானது. ரத்த அளவு குறையவில்லை, கிழிசல் ஆறத் தொடங்கியது.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றியபோது, ஈரல் நோயாளிகளின் வார்டில்தான் கட்டில் காலியாக இருந்தது. இடப்பக்கம் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து வயிறு ஊதியவர், வலப்பக்கம் அவரைவிடப் பெரிய வயிறு. நடுவில் நம்மவர். பார்க்க வந்த சங்கத்து உறுப்பினர் தம்புசாமி மூன்று கட்டில்களையும் பார்த்தார். வேறெதையும் கேட்கவில்லை. வராந்தாவிலேயே போனை எடுத்துவிட்டார்.

“லிவராம்.”

“ஐயோ! எத்தனை வருசமா?”

“ரகசியமா குடிச்சிருப்பாருலா. குடிக்காதேன்னு அவ்வளவு கத்தும்போதே எனக்கு டவுட்தான்.”

மறுநாளிலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். “மனசைத் தேத்திக்கிட்டு குடியை விட்டுடுங்க அண்ணே” என்று கையைப் பிடித்தார்கள். மனைவி சந்திரகலா விபத்து என்று சொல்லச் சொல்ல, “பாவம், புருசனை விட்டுக்கொடுக்காத பொம்பளை” என்று அவருக்குப் புதுப்பெருமை வேறு.

கனகலிங்கம் டாக்டரைக் கெஞ்சினார். “சின்னதா ஒரு தையலாவது போடுங்கோ, தம்பி. சட்டையைத் தூக்கிக் காட்ட ஒண்டுமில்லை.”

“காட்ட ஒண்ணுமில்லேங்கிறதுதான் சக்சஸ், அங்கிள்.”

“எண்டால் கூட்டத்தில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ.”

“பேஷண்ட் விஷயம் வெளியே பேசக்கூடாது.”

“பேஷண்ட் நான்தானே? நான்தான் சொல்லச் சொல்லுறன்!”

“அன்னைக்கு எனக்கு டூட்டி, அங்கிள்.”

கூட்டத்தன்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆறு பக்கத்தை விட்டுவிட்டு ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். “இது அடிபட்ட காயம். மோட்டார் சைக்கிள்.”

“ஓட்டும்போது என்ன சாப்பிட்டிருந்தீங்க, அங்கிள்?” என்றார் ரிஷி. சபை சிரித்தது. “நாங்க அளவா குடிக்கிறவங்க. உங்களைப் பாத்து இன்னும் ஜாக்கிரதையா இருப்போம்லா.”

தீர்மானத்துக்கு எதிராக மூன்று கைகள். அவர், மனைவி, மூன்றாமவர் ஏர்கண்டிஷனைக் குறைக்கச் சொல்லிக் கை தூக்கியவர்.

விருந்துக்குப் போகாவிட்டால் ‘எங்கேயோ சிகிச்சைக்குச் சேர்த்திருக்கிறார்கள்’ என்பார்கள். போனார். பார் திறந்ததும் ரிஷி மைக்கைப் பிடித்து, முதல் கோப்பை கனகலிங்கம் அங்கிள் குணமடைந்ததற்கு என்றார். முந்நூறு பேர் எழுந்து ‘யாம் செங்’ என்று சீனர் பாணியில் மது வாழ்த்தை மூச்சுள்ளவரை இழுத்தார்கள். டூட்டி இல்லாத சிவேந்திரனும் பீரை உயர்த்தினார். கனகலிங்கம் மரியாதைக்கு எழுந்து, தம் கிளாஸ் தண்ணீரைத் தூக்கினார்.

பக்கத்து மேசையில் தம்புசாமி தம் மனைவியிடம் குனிந்து, “தண்ணி இல்ல, ஜின்தான்” என்றார்.