எடம் என்றால் எந்தப் பக்கம்

சந்திரகிரியைத் தாண்டிப் பாகாலா போகிற வழியில் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் மாதச் சந்தா கட்டி அங்கே விட்டுவைக்கலாம். தீனி, தண்ணீர், கழுவிவிடுவது எல்லாம் அவர்கள் பாடு. ஏறி ஓட்டுவதற்கு வேலி போட்ட மணல் மைதானம் ஒன்றே ஒன்று. எல்லோரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் விதிகள் உண்டு, விதிகளுக்கு ஒரு பலகையும் உண்டு. அந்தப் பலகையைப் போல ஒரு தண்டப் பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லாயத்து முதலாளி ஏதோ குளிர்தேசத்து லாயத்தின் விதிகளை இணையத்தில் பிடித்து, அப்படியே தெலுங்கில் மாற்றிப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். 'பனி உறைந்த நாட்களில் மைதானம் மூடப்படும்' என்று அதில் ஒரு வரி. வெயில் காலத்தில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் கை பொத்துப்போகிற ஊர் எங்களுடையது. இது எதற்கு என்று கேட்டேன். இருந்தால் ஒரு ஸ்டாண்டர்டாக இருக்கும் மேடம் என்று தெலுங்கில் சொன்னார். மனிதர் பிறந்து வளர்ந்தது சித்தூரில். வைக்கோல் கொண்டுவரும் குடியாத்தத்துக்காரரிடம் தமிழில் பேரம் பேசுவதைக் கேட்டால் காது குளிரும். ஆனால் குதிரை வைத்திருப்பவர்களிடம் தெலுங்கும் ஆங்கிலமும்தான். தமிழ் அவருக்கு வைக்கோல் வாங்குகிற மொழி.

கதவைத் திறக்கும் முன் குரல் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. யாரும் கொடுப்பதில்லை, செல்போனில் பேசிக்கொண்டே திறப்பார்கள். தன் குதிரை போட்ட சாணத்தைத் தானே அள்ள வேண்டும் என்றும் ஒன்று. அதற்குக் காரோட்டியைக் கூப்பிட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவர்களை நான் தினமும் பார்த்தேன். சாணம் பிடிக்காதவர்கள் எதற்குக் குதிரை வாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்குக் குதிரை வந்தது மகளால். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செவலைப் பெட்டையை ஆசைப்பட்டு வாங்கினாள். பிறகு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். திருச்சானூரில் சேலைக்கடை நடத்துகிற நான், ஐம்பது வயதுக்கு மேல் சேணத்தில் ஏறக் கற்றுக்கொண்டேன். செவலைக்கு வலக்கண் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு என் குரல்தான் அவளுக்குக் கண். நாங்கள் நகரிப் பக்கத்துத் தறிக்காரர்கள், எனக்கு வாயில் வருவது எங்கள் வீட்டுத் தமிழ். "வா கண்ணு, ஒண்ணுமில்ல, இன்னும் கொஞ்சம் போவலாம்" என்று பேசிக்கொண்டே போனால் ஆட்டுக்குட்டி போல வருவாள். பேச்சு நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

அந்தப் பலகையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருந்தது. எதிரெதிரே வருகிறவர்கள் வலப்பக்கம் ஒதுங்கி, இடத்தோள் இடத்தோளைப் பார்க்கக் கடக்க வேண்டும். அப்படிக் கடந்தால் எதிரே வருவது அவளுடைய நல்ல கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்ச் சாலை வழக்கத்துக்கு இது நேர் எதிர் என்பது எழுதியவருக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது. படித்தவர்கள் என்றேனா, அது சும்மா ஒரு பேச்சுக்கு.

கிரானைட் வியாபாரி ஒருவர் வெள்ளை ஆண்குதிரையோடு புதிதாக வந்தார். கூலிங் கிளாஸ், முழங்கால்வரை பூட்ஸ், ஒரு கையில் லகான், மறு கையில் செல்போன். தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டே ஓட்டுவார். ஒரு காலையில் நேர் எதிரே அந்த வெள்ளை வந்தது. அவர் பார்வை செல்போனில் இருந்தது. பயத்தில் எனக்குத் தெலுங்கா வரும். "எடம், எடம் வுடுங்க" என்று கத்தினேன்.

தெலுங்கில் எடம என்றால் இடப்பக்கம். தமிழ் தெரியாத அந்த மனிதர், நான் இடதுபக்கம் போகச் சொல்கிறேன் என்று நினைத்து லகானை இடது பக்கம் இழுத்தார். விதிப்படி நான் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தேன். எதிரெதிரே வருகிறவர்களுக்கு அது இரண்டும் ஒரே பக்கம். வெள்ளை வந்து செவலையின் தோளில் மோதியது. அவர் மணலில் உட்கார்ந்தார். அவருடைய செல்போன் அவருக்கு முன்னாலேயே இறங்கியிருந்தது.

செவலைக்குத் தோல் உரிந்ததோடு போயிற்று, அவருக்கு அதுகூட இல்லை. ஆனால் மாலைக்குள் செய்தி வேறு மாதிரி ஆகிவிட்டது. குருட்டுக் குதிரை வந்து இடித்துவிட்டது, மேடம்தான் தப்பான பக்கம் சொன்னார்கள். அடுத்த நாளே, செவலையை இனி மணலில் விட வேண்டாம் என்றார் முதலாளி. வெளியே சரளைக் கல்லும் லாரி போகிற சாலையும்தான். ஒற்றைக் கண்ணோடு அவளை அங்கே கொண்டுபோக முடியாது. மணல் இல்லையென்றால் கொட்டடிக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான். நின்றாள். ஒரு வாரத்தில் கால்கள் வீங்கின, தீனியில் பாதி மிச்சமானது. என்னைப் பார்த்ததும் கதவுப் பக்கம் வந்து நிற்பாள்.

முதலாளியின் அறையில் பஞ்சாயத்து வைத்தேன். எடம் என்றால் எங்களுக்கு இடம், உங்களுக்குத்தான் இடது என்று இரண்டு மொழியிலும் விளக்கினேன். கிரானைட்காரர் ஏதோ பெரிய ஆராய்ச்சி முடிவைக் கேட்பவர் போலத் தலையாட்டினார். முதலாளி நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். செவலை மணலுக்கு வரலாம். ஆனால் பலகையில் ஒரு விதி சேரும். மைதானத்துக்குள் தெலுங்கு அல்லது ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தோன்றியது.

"சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பலகையில் புது வரி இன்னும் ஈரமாக இருந்தது. செவலை மேல் ஏறி மைதானத்து வாசலுக்கு வந்தேன். பின்னால் கிரானைட்காரரின் வெள்ளையும் இன்னும் இரண்டு குதிரைகளும். நான் வாயைத் திறக்கவில்லை. வாசலின் நட்ட நடுவில் செவலை நின்றுவிட்டாள். முரண்டு இல்லை. இரண்டு காதையும் என் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை.

என்ன ஆயிற்று என்று முதலாளி ஓடிவந்தார். நான் முகவாயால் பலகையைக் காட்டினேன். அவரே லகானைப் பிடித்து "ரா ம்மா, ரா" என்று தெலுங்கில் இழுத்தார். அவள் நல்ல கண்ணால் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பின்னாலிருந்து கிரானைட்காரர் சத்தம் போட ஆரம்பித்தார். வெள்ளை தரையை உதைத்தது.

"இன்னா மேடம், இப்டி ஊமையாட்டம் ஒக்காந்துக்கினு கீறீங்க, அதுகிட்ட பேசித் தொலைங்க" என்றார் முதலாளி, சுத்தமான சித்தூர்த் தமிழில்.

"இன்னா பாஷையில பேசட்டும்?" என்று கேட்டேன்.

அவர் பலகையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு குதிரை கழுவுகிற ஆளைக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி வரியத் தொடச்சுடுப்பா" என்று அதே தமிழில் சொன்னார். துணி எடுத்துவர அவன் போனான்.

அது முழுக்க அழியும் வரை நானும் செவலையும் வாசலை விட்டு நகரவில்லை.