வாசலில் திரும்பி நின்றவர்

ஊரடங்கு போட்ட மறுநாள் காலையில் மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இன்னும் நடக்கப் பழகாத பிள்ளை. மூச்செடுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போய் வந்தது. கணவர் வேலைக்குப் போன இடத்தில், கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயா வீட்டில் நானும் மாமியும் மட்டும். முதல் நாள் இருமல் வந்தபோதே பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் அப்போது கலவரத்தில், சந்தியில் எங்கள் முஸ்லிம் ஆள் ஒருவரின் கடை எரிந்துகொண்டிருந்தது. போகாமல் விட்டது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் கடை எரிந்தபோது காவலுக்கு நின்றவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஜன்னலால் நானே பார்த்தேன். அதனால்தான், கேட்டில் தட்டும் சத்தம் கேட்டுத் திரையை விலக்கியதும் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஓர் இராணுவக்காரர். தட்டிவிட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நேத்து கடகிட்ட நின்டவனுகள் மாதிரித்தான் இவனும். தொறக்க வேணாம் மகள்," என்றார் மாமி.

"பிள்ளயப் பாருங்க மாமி. தொறக்காம என்ன செய்ற?"

"தொறந்து? மொதுகுகிட்டயா பேசப் போற?"

கதவைக் கொஞ்சம் திறந்து, பிள்ளைக்குச் சுகமில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் திரும்பவில்லை. திரும்பாமலே, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் கேட்டார்: "நங்கி, தலையை மூடிக்கொண்டீர்களா? நான் திரும்பலாமா?"

அப்போதுதான் என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். விடியற்காலையிலிருந்து பிள்ளையோடு இருந்ததில் முக்காடு எங்கே விழுந்ததென்றே தெரியாது. ஓடிப்போய் எடுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வந்து சரி என்றேன். திரும்பியவரின் கண் நேரே பிள்ளையின் நெஞ்சுக்குப் போனது. அடுத்த நிமிடம் ஜீப்பைக் கூப்பிட்டார்.

பேராதனைக்குப் போகும் வழியில், கேட்காமலே சொன்னார். வீடு வீடாகப் பார்த்து வரச் சொன்னதால்தான் எங்கள் கேட்டைத் தட்டினாராம். அவருடைய படைப்பிரிவு லெபனானில் அமைதி காக்கும் வேலையில் இருந்ததாம். இங்கே கலவரம் பரவியதும் காவலுக்கு ஆள் போதாமல் திருப்பி அழைத்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே கண்டிக்கு. மாவனல்லையில் தன் வீட்டைத் தாண்டித்தான் வந்தாராம், இறங்கவில்லை. லெபனான் கிராமங்களில் கதவைத் தட்டினால் திரும்பி நிற்க வேண்டும், பெண்கள் முக்காடு போட நேரம் வேண்டுமே என்றார். "அங்கே செய்ததை இங்கே செய்யாமல் விடலாமா?"

பக்கத்து ஊர்க்காரர். எங்கள் வழக்கத்தைக் கடல் கடந்து போய்ப் படித்து வந்திருந்தார். அவரை ஒரு நிமிடம் தவறாக நினைத்தது எனக்கு உறுத்தியது; நினைக்காமல் இருக்கவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்ததும் மகளின் மூச்சு சீரானது. பின்னேரம் அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார். கேட்டைத் திறந்துவிட்டு, மாமி உள்ளே இருப்பார் என்று மறுபடியும் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

"நாங்க மூடித்தான் ஈக்கிறோம். திரும்பச் சொல்லு மகள். மொதுகுகிட்ட தேத்தண்ணி குடுக்க ஏலாது."

சொன்னேன். சிரித்துக்கொண்டே திரும்பினார்.