வெள்ளத்தின் நடுவில் ஆண்டவரோடு சண்டை போட்டேன்

1926 மார்கழி வெள்ளத்தில் ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் அன்று எனக்குப் பக்தியைவிட ஆத்திரம்தான் அதிகம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மலாயாவில், காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் பால்மரம் சீவினோம். ஆறு பெருகி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குள் தண்ணீர் நுழைந்தபோது அவர் குளிர்க்காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். எல்லாரும் துரை பங்களா மேட்டுக்கு ஓடினார்கள்.

"அண்ணே, இவர நான் ஒத்தையில எப்படித் தூக்குவேன்?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"இரும்மா, மேட்டுக்குப் போனதும் ஆள் அனுப்புறேன்" என்றார்.

ஒருவரும் வரவில்லை. எங்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, இவரைத் தள்ளித் தள்ளிக் கூரையில் ஏற்றினேன். ஜெபமாலையைப் பிடித்து, "மாதாவே, தண்ணி வடியணும்" என்று வேண்டினேன். மழை வலுத்தது. மறுபடி வேண்டினேன். தண்ணீர் இன்னும் ஏறியது.

மத்தியானம் ஒரு படகு வந்தது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த ஓமார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் முள்கம்பி வேலியும், சாய்ந்து கிடந்த ரப்பர் மரங்களும். படகு கிளைகளில் மாட்டிக்கொண்டது. எவ்வளவோ முயன்றார். கடைசியில், "துங்கு, துங்கு" என்று கத்திவிட்டுப் பின்வாங்கினார். காத்திருக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. கங்காணியும் அதைத்தானே சொன்னார்?

"செபத்த விட்றாத புள்ள" என்றார் இவர், நடுங்கிக்கொண்டே.

"யாருங்க கேக்குறா?" என்றேன். வானத்தைப் பார்த்து, "நான் வடியச் சொன்னா நீ ஏத்துறியே சாமி. ஒனக்குக் காது இல்லியா?" என்று அழுதேன். அழுதுகொண்டே மாலையை உருட்டினேன். வேறு என்ன செய்வது?

தண்ணீர் கூரையைத் தொட்டு எங்கள் காலை நனைத்தது. முடிந்தது என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். அப்போது ஓமார் திரும்பி வந்தார். வேலியும் மரங்களும் தண்ணீருக்கு அடியில் போயிருந்தன. படகு அவற்றின் மேலேயே மிதந்து வந்தது. முதலில் பிள்ளையை வாங்கினார்.

படகில் அவர் தன் பாஷையில் சொன்னது இதுதான்: தண்ணீர் ஏறாமல் நின்றிருந்தால் அவரால் வந்திருக்கவே முடியாது.

நான் எதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேனோ, அதிலேயே ஆண்டவர் வழி போட்டிருந்தார்.

இவருக்குக் காய்ச்சல் மெல்லத் தணிந்தது. கீழ் லயத்தில் சிலர் பிழைக்கவில்லை. அவர்களுக்கு ஏன் அப்படி என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் பங்குச் சாமியார் தோட்டத்துக்கு வரும் ஞாயிறு மட்டும் செபம் சொன்ன எங்கள் குடும்பம், இப்போது ஈப்போவில் தினமும் சாயங்காலம் முழங்காலில் நிற்கிறது.

கேட்டது கிடைக்காமல் மனம் கசந்து இங்கே உட்கார்ந்திருப்பவர்களே, அவரிடம் கோபப்படுங்கள், அழுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். நம்மைக் கரை சேர்க்க அவரால் முடியும்.