என் பெயர், அவர் போட்டோ

கிள்ளைப் பக்கம் ஒரு பேரூராட்சிக்கு நான்தான் முதல் பெண் தலைவர். பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் என்னை நிற்க வைத்தார். ஜெயித்ததும் ஊர் அவரைத்தான் "தலைவரே" என்றது. மன்றக் கூட்டத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று, கொஞ்சம் உயரமாக. அவர் பேசுவார், அவர் காட்டும் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். உப்புக்குச் சப்பாணியாக இரண்டு வருஷம் இருந்தேன். சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

பிச்சாவரம் காட்டைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒரு குழு வந்தது. அதில் ஒரு வயதான அம்மாள், தன் மாகாணச் சட்டசபைக்குப் போன முதல் பெண். எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். தன் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டு, சிதம்பரத்தில் அடித்த எங்கள் கார்டைக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் பையில் போடாமல் நின்று நிதானமாகப் பார்த்தார். அதில் என் பெயர், வீட்டுக்காரர் போட்டோ, அவர் போன் நம்பர்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் மொழிபெயர்க்க வந்த பெண், என்னிடம்.

வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. எங்கூர்ல அப்படித்தான்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் பேசினார். சட்டசபையில் முதல் நாளே ஒரு மூத்த உறுப்பினர் அவரை டீ கொண்டுவரச் சொன்னாராம். அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இரண்டு மாடி இறங்கி ஏறுவதற்குள் ஓட்டெடுப்பை முடித்துவிடுவார்களாம். அதனால் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தே எல்லா ஓட்டும் போட்டிருக்கிறார். கழிப்பறை கட்டும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் அதையே கேட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொங்கியது. வீட்டுக்காரர் மேல் பாதி, என் மேல் பாதி.

அடுத்த கூட்டத்தன்று சீக்கிரமே போய், அந்த உயரமான நாற்காலியை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினேன்.

"நான் எங்க குந்துறது?" என்றார் வீட்டுக்காரர், வாசலில் நின்று.

"மனு குடுக்க வந்திருந்தா வெளிய பெஞ்சு இருக்குதுங்க. கூட்டம் முடிஞ்சதும் கூப்புடுறேன்."

ஒரு கவுன்சிலர் செருமினார். "தலைவர் இல்லாம எப்படிம்மா கூட்டம் நடத்துறது?"

"தலைவர் குந்திக்கினுதான் இருக்கேன். மொத தீர்மானத்தப் படிங்க."

வாய்க்கால் தூர் வாருவதில் தொடங்கி எல்லாத் தீர்மானத்தையும் நானே நடத்தி முடித்தேன்.

அந்த வாரமே புதுக் கார்டு அடித்தேன். என் போட்டோ, என் நம்பர். முதல் கார்டை வீட்டுக்காரரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எதுனா வேலன்னா போன் பண்ணுங்க" என்றேன்.